எனக்கு மனச்சோர்வு, மகனுக்கு ஏடிஎச்டி: காலை நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி (அல்சூர் அம்மா):
மகனுக்கு எட்டு வயது. போன வருடம் ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், அடங்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) என்று சொல்லி மருந்து ஆரம்பித்தார்கள். நானும் மூன்று வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலைதான் எனக்கு ரொம்ப மோசம். முழிப்பு வந்தாலும் உடம்பு எழாது. அவனோ ஒரு சாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவான். ஐந்து தடவை சொல்வேன், ஆறாவது தடவை கத்திவிடுவேன். நேற்று வேன்காரர் ஹாரன் அடிக்கும்போதும் ஒற்றைச் சாக்ஸோடுதான் நின்றான். "அம்மா, நான் கெட்ட பையனா?" என்று கேட்டான். எனக்கு வார்த்தையே வரவில்லை. வீட்டுக்காரருக்கு பீன்யாவில் ஷிப்ட் வேலை. அத்தையோ "வளர்ப்பு சரியில்லை" என்கிறார். என்னால்தான் இப்படி ஆனானா? அவனுடைய டாக்டரிடம் என் மாத்திரையைப் பற்றி இதுவரை சொல்லவில்லை.

பதில் (எஜிபுரா):
அக்கா, ஏடிஎச்டி வளர்ப்பால் வருவதில்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அத்தைக்கும் அதையே சொல்லுங்கள்.

டாக்டரிடம் அவசியம் சொல்லிவிடுங்கள். நானும் என் பிள்ளையின் டாக்டரிடம் என் நோயை ஒரு வருடம் மறைத்தேன். சொன்னதைப் பிள்ளை செய்தால் ஸ்டார் ஒட்டும் சார்ட் கொடுத்தார்கள், நாலு நாளுக்கு மேல் என்னால் முடியவில்லை. விஷயத்தைச் சொன்னபிறகுதான் பத்து விதிகளை ஒரே விதியாகக் குறைத்தார்கள். பெங்களூரு ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே வளாகத்தில் பார்க்கிறார்கள்.

சாக்ஸை ராத்திரியே ஷூவுக்குள் வைத்துவிடுங்கள். காலையில் தூரத்திலிருந்து கூப்பிடாமல், பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். அது முடிந்தபிறகு அடுத்தது. அப்புறம், அவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடாதீர்கள்.

பதில் (கே.ஆர்.புரம் அப்பா):
என் மனைவிக்கு பைபோலார் (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்), மகளுக்கு ஏடிஎச்டி. தூக்கம் கெட்டால் மனைவிக்கு நோய் திரும்பிவிடும். அதனால் காலை முழுக்க என் பொறுப்பு. உங்கள் வீட்டுக்காரரும் ஷிப்ட் இடம்கொடுக்கும் நாட்களிலாவது வேனில் ஏற்றிவிடட்டும். இது உதவி இல்லைங்க, அவர் பிள்ளைதானே. காலை மந்தத்துக்கு மாத்திரை காரணமா, நேரத்தை மாற்றலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனம் தாங்காத நேரத்தில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

அல்சூர் அம்மா:
நேற்று ராத்திரி படுக்கையில் சொன்னேன். "நீ கெட்ட பையன் இல்லைடா. அம்மா கத்தினதுதான் தப்பு. அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடறேன்." கொஞ்ச நேரம் யோசித்தான். "உன் மாத்திரையும் கசக்குமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சனிக்கிழமை அவனுடைய டாக்டரைப் பார்க்கப் போகிறோம், வீட்டுக்காரரும் வருகிறார்.