மறுமொழி: 'எத்னிக் பார்ட்டி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். ஓர் இனத்தவரின் நலனுக்காக இயங்கும் கட்சியை ஆங்கிலத்தில் 'எத்னிக் பார்ட்டி' என்கிறார்கள். நம் கட்டுரையில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்ற கேள்விக்கு வந்த ஒரு பதில் இது:

> இனவாதக் கட்சி என்றே வைத்துவிடலாமே. நாளிதழ்களில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை ஐயா. இனவாதம் என்றதும் அடுத்த இனத்தைத் தாழ்த்துகிற போக்குதான் நம் வாசகர் மனத்தில் வரும். நாம் எழுதிக்கொண்டிருப்பது ருமேனியாவில் வாழும் ஹங்கேரியர்களின் அமைப்பான ஆர்எம்டிஎஸ்இசட் பற்றி. அதற்கு அந்தச் சொல்லைச் சூட்டினால் வாசகர் கட்டுரையைப் படிக்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிடுவார்.

அந்த மக்கள் எங்கிருந்தும் வந்து குடியேறியவர்கள் அல்லர். முதல் உலகப் போருக்குப் பிறகு 1920 திரியனான் ஒப்பந்தப்படி, ஹங்கேரியின் பகுதியாக இருந்த டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போனது. ஊரைவிட்டு நகராமலே வேறொரு நாட்டின் குடிமக்கள் ஆனார்கள். 1989 டிசம்பரில் திமிஷ்வாராவில் லாஸ்லோ தோக்கேஷ் என்ற ஹங்கேரியப் பாதிரியாரை வெளியேற்ற விடாமல் மக்கள் திரண்டதில்தான் ருமேனியாவின் கம்யூனிச சர்வாதிகாரி சௌசெஸ்குவின் வீழ்ச்சி தொடங்கியது. ருமேனியர்களும் அதில் தோளோடு தோள் நின்றார்கள். சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்ட டிசம்பர் 25 அன்றே இந்த அமைப்பும் பிறந்தது.

'இனக்குழுக் கட்சி' என்ற யோசனையும் வந்திருக்கிறது. இனக்குழு என்றால் நமக்குப் பழங்குடிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். 'மொழிச் சிறுபான்மையோர் கட்சி' அதைவிடத் தேவலை, ஆனால் போதாது. இவர்கள் கேட்பது மொழியுரிமை மட்டுமல்ல. தங்களை ஒரு தேசிய இனமாக ஏற்கச் சொல்கிறார்கள், டிரான்சில்வேனியாவில் ஹங்கேரியர் பெரும்பான்மையாக வாழும் செக்கெய் பகுதிக்குத் தன்னாட்சி கேட்கிறார்கள். ருமேனிய அரசியலமைப்பும் மொழியை வைத்து இவர்களை அடையாளப்படுத்தவில்லை, தேசியச் சிறுபான்மையோர் என்றே சொல்கிறது. ஆனால் அதை அப்படியே எடுத்து 'தேசியச் சிறுபான்மைக் கட்சி' என்றால் நம் ஊரில் சிக்கல். தேசியக் கட்சி, மாநிலக் கட்சி என்று தேர்தல் ஆணையக் கணக்கில் பேசிப் பழகியவர்கள் நாம்; நாடு முழுவதும் பரவிய கட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். இடையில் 'இன' சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும். ஆகவே என் பரிந்துரை: தேசிய இனச் சிறுபான்மையோர் கட்சி. நீளம்தான். கட்டுரையில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் சிறுபான்மையோர் கட்சி என்று சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்து அமைப்பின் பெயர். 'ருமேனிய ஹங்கேரியர் ஜனநாயகக் கூட்டணி' என்று வரைவில் இருக்கிறது. இதை அவசியம் மாற்ற வேண்டும். 1996 முதல் இவர்கள் பலமுறை கூட்டணி அரசுகளில் பங்கேற்றிருக்கிறார்கள். 'கூட்டணி கூட்டணியில் சேர்ந்தது' என்று எழுத நேரும். படிப்பவர் எந்தக் கூட்டணி என்று கேட்பார்.

'கூட்டணி'க்குப் பதில் 'கூட்டமைப்பு' என்று வைக்கலாம். அமைப்பின் இயல்பைப் பார்த்தாலும் அதுவே பொருந்துகிறது. 2021 கணக்கெடுப்பில் ஹங்கேரியர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர், சுமார் 6 சதவீதம். நாடாளுமன்றத்துக்குள் நுழைய ஒரு கட்சிக்குப் பொதுவாக 5 சதவீத வாக்கு வேண்டும். இரண்டாகப் பிரிந்து நின்றால் இரண்டுமே வெளியே நிற்க நேரலாம். அதனால்தான் கிறித்தவ ஜனநாயகர், தாராளவாதி, சமூக ஜனநாயகர் என எல்லோரும் உள்ளுக்குள் தனித்தனி அணிகளாக இருந்துகொண்டு, தேர்தலுக்கு ஒரே பெயரில் வருகிறார்கள். சட்டப்படியும் இது கட்சியாகப் பதிவானதல்ல, தேசியச் சிறுபான்மையோர் அமைப்பு. தேர்தலில் கட்சிக்கு நிகராகப் போட்டியிடலாம். ஈழத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு என்ற பெயர் வழியாக அந்தச் சொல் நமக்குப் பழகியும் இருக்கிறது.

ஊர்ப் பெயர்களை எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஹர்கித்தா மாவட்டத் தலைநகருக்கு ருமேனிய மொழியில் மியெர்குரியா சுக், ஹங்கேரியத்தில் சீக்செரெதா. இரண்டு பெயரிலும் புதன்கிழமை இருக்கிறது. சந்தை கூடிய நாள். சிறுபான்மையினர் 20 சதவீதத்துக்கு மேல் வாழும் ஊர்களில் அவர்கள் மொழியிலும் பெயர்ப்பலகை வைக்க 2001 உள்ளாட்சிச் சட்டம் வழிசெய்தது. அதற்காக இந்த அமைப்பு நாடாளுமன்றத்தில் விடாமல் உழைத்தது. நாம் ஒரு பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போவது சரியில்லை. முதலில் ருமேனியப் பெயர், சாய்கோட்டுக்குப் பிறகு ஹங்கேரியப் பெயர் என்று வைத்துக்கொள்வோம்.

ஆள்பெயர்களில் ஹங்கேரிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வரும். இப்போதைய தலைவரைக் கெலெமென் ஹுனோர் என்றே எழுதலாம். மேலே தோக்கேஷின் பெயரை நான் ஐரோப்பிய முறையில் எழுதியிருக்கிறேன். கட்டுரையில் அதையும் தோக்கேஷ் லாஸ்லோ என்று மாற்றிவிடலாம்.

'கூட்டமைப்பு'க்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். 'தன்னாட்சி'யா 'சுயாட்சி'யா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.