‘இந்த மாறன் பொய் கூறமாட்டான்’: தன்னைத் தானே பெயர் சொல்லிப் பேசுவது எதற்கு?

வைகைக்கரை:
பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் வழுவமைதிக்கு ஒரு எடுத்துக்காட்டு உண்டு. மாறன் என்பவன் தன்னைப் பற்றிப் பிறரிடம், “இந்த மாறன் ஒருநாளும் பொய் கூறமாட்டான்” என்கிறான். தன்மையில் சொல்ல வேண்டியதைப் படர்க்கையில் சொன்னதால் இது இடவழு, அதாவது இடம் மாறிய பிழை. ஏதோ ஒரு காரணம் கருதி இலக்கணம் ஏற்றுக்கொள்வதால் வழுவமைதி. அந்தக் காரணம் என்ன?

என்னைக் கேட்டால், பெருமை. அதோடு கொஞ்சம் தப்பித்தல். 2014 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் ஜெயலலிதா, சிறந்த நிர்வாகி குஜராத்தின் மோடி அல்ல, தமிழ்நாட்டின் இந்த லேடிதான் என்றார். கைதட்டல் அள்ளியது. “நான்தான்” என்று சொல்லியிருந்தால் அதே கூட்டம் கொஞ்சம் நெளிந்திருக்கும். 2010இல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமிக்குப் போனபோது, தொலைக்காட்சியில் உட்கார்ந்து, லெப்ரான் ஜேம்ஸுக்கு எது நல்லதோ அதைச் செய்ய விரும்பியதாகச் சொன்னார். முடிவெடுத்தது இவர், ஆனால் பேச்சில் யாரோ ஒரு லெப்ரானுக்காக எடுத்த முடிவு மாதிரி இருக்கிறது. தன்னைப் பெயர் சொல்லிப் பேசுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

குறிஞ்சிச்சாரல்:
கடுமையாக மறுக்கிறேன். மேடையில் இருப்பவர்களை மட்டும் வைத்து முடிவு கட்டுகிறீர்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வுகளைப் பாருங்கள். ஒருவரை உட்காரவைத்து, உங்கள் கனவு வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர் என்று பேச வேண்டும், தயாராக ஐந்து நிமிடம்தான் என்கிறார்கள். யாருக்கும் வயிறு கலங்கும். பேச்சுக்கு முன் ஒரு பகுதியினர் “நான் ஏன் பதறுகிறேன்” என்று தமக்குள் யோசிக்க வேண்டும், மற்றவர்கள் தம் பெயரைச் சொல்லி யோசிக்க வேண்டும். பெயர் சொன்னவர்களுக்குப் பதற்றம் குறைவு, பேச்சும் மேல், பேசி முடித்தபின் “ஐயோ சொதப்பிட்டோமே” என்று மனசுக்குள் அரைப்பதும் குறைவு.

நானும் இதைச் செய்கிறவள்தான். ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டு போடும் இடத்தில், எனக்கு முன்னால் போன இரண்டு பேர் காலை ஊன்றிவிட்டார்கள். ஆய்வாளர் பெயர் கூப்பிட்டதும் கைப்பிடியில் வியர்வை. “குறிஞ்சிக்கு வண்டி ஓட்டத் தெரியும், வளைவில் கீழே பார்க்கமாட்டாள், எதிர் முனையைப் பார்ப்பாள்” என்று எனக்குள் சொல்லிக்கொண்டேதான் ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன். கால் தரையில் படவில்லை. அங்கே யாரிடம் பெருமை அடித்தேன்? என் வாய்கூட அசையவில்லையே.

வைகைக்கரை:
சகோதரி, மனசுக்குள் சொல்வதையும் நாலு பேர் முன்னால் சொல்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். தவிர, அந்த ஆய்வில் ‘நீ’ என்று சொல்லிக்கொள்ளவும் விட்டார்கள். அது முன்னிலை. நான் கேட்டது படர்க்கை.

குறிஞ்சிச்சாரல்:
2017இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேசன் மோசர், கிராஸோடு சேர்ந்து செய்ததில் ‘நீ’ கிடையாது, தன் பெயர் மட்டும்தான். மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளை மின்னலைகளை அளந்தார்கள். பெயர் சொல்லி யோசித்தபோது, உணர்ச்சி வேகத்தைக் காட்டும் அலை ஒரு நொடிக்குள் தணிந்தது. பல்லைக் கடித்து மனதை அடக்கும்போது மூளையின் எந்தப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்யுமோ, அவை இங்கே கூடுதலாக வேலை செய்யவில்லை. பெரிய முயற்சி இல்லாமலே அமைதி கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரச்சினை என்றால் எல்லோரும் தெளிவாக யோசனை சொல்வோம், நமக்கு வந்தால் கை கால் ஓடாது. பெயர் சொல்லும்போது, நம்மையே கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டுக்காரியாகப் பார்க்கிறோம்.

ரெண்டுபிள்ளைக்காரி:
நடுவில் ஒன்று. எல்லா வீட்டிலும் “அம்மா சொல்றேன்ல, கேளு” என்றுதானே பேசுகிறோம்? இது பெருமையிலும் சேராது, பதற்றத்திலும் சேராது. ‘நான்’ என்ற சொல் குழந்தைக்குப் பெரிய சிக்கல். அப்பா சொன்னால் அப்பா, தாத்தா சொன்னால் தாத்தா, அதுவே சொன்னால் அது. அதனால்தான் “பாப்பாவுக்கு வேணும்” என்று கேட்கிறது. அதற்குப் புரிய வேண்டும் என்று நாமும் இறங்கி வருகிறோம். என் சின்னவன் இப்போது ‘எனக்கு’ என்று சரியாகச் சொல்கிறான், நான்தான் ‘அம்மா’வை விடவில்லை. பழைய இலக்கண உரைகளிலும் “சாத்தன் தாய் இவை செய்வலோ” என்று ஒரு தாய் தன்னைப் பற்றிப் பேசும் வரி இடவழுவமைதிக்கு வரும். எழுவாய் படர்க்கை, வினை தன்மை. அப்படியே நம் “அம்மா சொல்றேன்”.

மார்கழிக்கோலம்:
பெருமைதான் காரணம் என்றால் ஆண்டாளை எங்கே வைப்பீர்கள்? திருப்பாவை முப்பதாம் பாட்டில் “பட்டர்பிரான் கோதை சொன்ன” என்று தன்னையே வெளியில் நின்று சொல்கிறாள். காஞ்சங்காட்டில் ஆனந்தாசிரமம் கண்ட சுவாமி ராமதாஸ் தன் வரலாற்றையே ‘ராமதாஸ் போனான், வந்தான்’ என்ற பாணியில் எழுதியவர். அவரைக் குருவாகக் கொண்ட யோகி ராம்சுரத்குமார், திருவண்ணாமலையில் தன்னை ‘இந்தப் பிச்சைக்காரன்’ என்றே சொல்லி வாழ்ந்தார். ‘நான்’ அழிய வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தச் சொல்லையே வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேடைப் பேச்சோடு இதைச் சேர்ப்பது அநியாயம்.

கால்பந்துப்பித்தன்:
பெலேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்சன் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர். எட்சன் வேறு, பெலே வேறு என்று பேசுவார். உலகமே கொண்டாடும் ஒரு பெயரை வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை தூக்கிக்கொண்டு வர முடியுமா? பிரித்துவைத்தது அவருடைய நிதானம் என்றே நினைக்கிறேன். லெப்ரான் விஷயத்திலும் ரொம்பக் கடுமை காட்டுகிறீர்கள் வைகை அண்ணா. அன்று அவருக்கு வயது 25, நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

வைகைக்கரை:
மார்கழிக்கோலம், பதிகத்தின் கடைசியில் பெயர் வைப்பது முத்திரை. அது பாட்டு தொலையாமல் இருக்க. அதைப் பணிவுக்குக் கணக்கு எழுத முடியாது. சம்பந்தர் தன்னை ‘நற்றமிழ் ஞானசம்பந்தன்’ என்று அடைமொழியோடுதான் சொல்கிறார்.

நீங்கள் சம்பந்தர் வரை போகாமல் நிறுத்தியதால் நானே போகிறேன், ஏனென்றால் என் வாதம் அங்கேதான் இருக்கிறது. கோளறு பதிகத்தின் கடைசிப் பாட்டை எடுங்கள். “மறைஞான ஞான முனிவன்” என்று முதலில் தன்னைப் படர்க்கையில் வைக்கிறார். அந்த முனிவன் உரைத்த சொல்மாலை இது, ஓதும் அடியார்கள் வானில் அரசாள்வர் என்கிறார். அடுத்து உறுதி கொடுக்க வேண்டும். “ஆணை நமதே” என்று முடிக்கிறார். ‘முனிவன் ஆணை’ என்று விட்டிருக்கலாமே? விடவில்லை. வாக்குக் கொடுக்கும் இடத்தில் படர்க்கையை உதறிவிட்டுத் தானே முன்னால் வந்து நிற்கிறார்.

சிலப்பதிகாரத்திலும் அதேதான். தீர்ப்பு தவறு என்று தெரிந்த நொடியில் பாண்டியன் “யானோ அரசன் யானே கள்வன்” என்கிறான், “கெடுக என் ஆயுள்” என்று விழுகிறான். ‘இந்தப் பாண்டியன் தவறிவிட்டான்’ என்று அவன் சொன்னதாக ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தக் காட்சியே செத்துப்போகும். கண்ணகிக்கு அது பதிலாகவும் இருந்திருக்காது.

மாறன் விஷயத்தில் எனக்கு இடிப்பதும் இதுதான். பொய் சொல்லமாட்டேன் என்பது வாக்கு. வாக்கைப் படர்க்கையில் கொடுக்கக் கூடாது.

பத்திரஎழுத்தர்:
தொழில்முறையில் ஒரு வார்த்தை. கிரயப் பத்திரத்தில் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் எழுதி, ‘ஆகிய நான்’ என்று சேர்த்தபிறகுதான் ‘முழுச் சம்மதத்துடன் எழுதிக்கொடுத்த’ என்று போவோம். பிரமாண வாக்குமூலத்திலும் ‘ஆகிய நான்’ உண்டு. பெயரும் வேண்டும், நானும் வேண்டும். பெயர் இல்லாத ‘நான்’ யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ‘நான்’ இல்லாத பெயர் யாரோ ஒருவரைப் பற்றிய செய்தி.

மார்கழிக்கோலம்:
கோளறு பதிகம் பற்றிச் சொன்னது அழகு. ஆனால் ‘நமதே’ என்பதை அவர் தன் ஆணையாகச் சொன்னார் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பாடியவன் வாயில் இறைவன் ஆணை என்று படிக்கிறவர்களும் இருக்கிறோம். யோகியாரைப் பற்றியும் நீங்கள் பதில் சொல்லவில்லை. தேடி வந்தவர்களுக்கு அவர் கொடுத்த ஆசிகளும் ‘இந்தப் பிச்சைக்காரன்’ பெயரிலேயே வந்தவை. நம்பிக்கை இல்லாமல் யாரும் திரும்பிப் போகவில்லை.

குறிஞ்சிச்சாரல்:
அமெரிக்க மரைன் படைப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘இந்தப் பயிற்சி வீரர்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதிகாரமே இல்லாத ஆளின் பேச்சு அது. ஆகவே ‘படர்க்கை என்றால் பெருமை’ என்ற உங்கள் முதல் வரி நிற்காது வைகைக்கரை.

வாக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மேடைக்காரர்களிடம் தாராளமாகக் கேளுங்கள். என் கவலை வேறு. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் ‘நான் ஏன் இப்படி’ என்று புரண்டுகொண்டிருக்கும் ஒருத்தி, உங்கள் முதல் பதிவைப் படித்துவிட்டு, தன்னைப் பெயர் சொல்லித் தேற்றிக்கொள்வது தலைக்கனம் என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது.

வைகைக்கரை:
அவள் நிறுத்த வேண்டாம். இரண்டு மணிக்கு யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லையே, எப்படிச் சொல்லிக்கொண்டாலும் அவள் உரிமை. ஆனால் யோகியாரின் ஆசி வேறு வகை என்பேன். ஆசி பலிக்காவிட்டால் யாரும் அவரிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஓட்டுக் கேட்டு வரும் ஒருவர் ‘இந்த’ என்று தன் பெயரைச் சொல்லி “உங்களைக் கைவிடமாட்டான்” என்றால், அடுத்த தேர்தலில் நான் யாரைப் பிடித்துக் கேட்பது?