சங்கரன்கோவிலில் 6,000 ரூபாய்க்குள் கீழ் வீடு கிடைக்குமா?

விழுப்புரத்தான்:
வணக்கம். பள்ளிக்கூட வேலை மாறுதலாகி சங்கரன்கோவில் வருகிறேன், அங்கே தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. நான், மனைவி, 2 வயதுப் பையன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற மாட்டார், அதனால் கீழ் வீடுதான் வேண்டும். 6,000க்கு மேல் கட்டுப்படியாகாது. ஆப்பில் தேடினால் மனை விற்பனையாக வந்து கொட்டுகிறது. வாடகைக்கு இருந்ததே இரண்டு, அதில் ஒன்றுக்குப் போன வருடமே ஆள் வந்தாயிற்றாம். தரகர் ஒருவர் வீட்டைக் காட்டவே 500 கேட்கிறார்.

கழுகுமலைக்காரன்:
சார், இங்கே வீடு நெட்டில் வராது. வெள்ளிக்கிழமை ராத்திரி விழுப்புரத்தில் பொதிகை ரயில் ஏறினால் காலையில் இங்கே இறங்கலாம், ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தெருத்தெருவாக நடங்கள். பால்காரரையும் இஸ்திரி வண்டிக்காரரையும் விடாதீர்கள். வீடு காலி செய்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்வதற்கு முன்னாலேயே பால் கணக்கை முடித்துவிடுவார்கள், நான் இப்போது இருக்கும் வீடு அப்படித்தான் கிடைத்தது, கேட்டில் போர்டே மாட்டவில்லை. நாள் பார்க்காதவர் என்றால் ஆடியில் பேசுங்கள், அந்த மாதம் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், சும்மா கிடக்கிற வீட்டுக்கு ஐந்நூறாவது குறையும். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு மட்டும் வந்துவிடாதீர்கள், அந்தக் கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது.

தறிவீட்டுப் பொண்ணு:
வாடகையை மட்டும் பார்க்காதீங்க அண்ணா, கரண்டைக் கேளுங்கள். வீட்டுக்கென்று தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் மாடிக்கும் கீழுக்கும் சப் மீட்டர் போட்டிருந்தால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொல்வதுதான் கணக்கு. நாங்கள் 10 ரூபாய் கொடுத்தோம், 4,500 வாடகை என்று போன வீடு கோடையில் 6,000 தாண்டிவிட்டது. இன்னொன்று, பக்கத்தில் தறி ஓடுகிறதா என்று ராத்திரி ஒருதரம் போய்ப் பாருங்கள். எனக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது, உங்கள் பையன் பாவம்.

ஒத்திவீடு:
கையில் மொத்தப் பணம் இருந்தால் ஒத்திக்குப் பாருங்கள், மாச வாடகையே கிடையாது, காலி செய்யும்போது பணம் அப்படியே திரும்ப வரும். வரவேண்டும்! என் மாமா ஒத்திக்குப் பணம் கொடுத்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருந்தது, 2 லட்சத்தை வாங்க மூன்று வருடம் நடந்தார். வில்லங்கம் போட்டுப் பார்த்து, பத்திரம் பதிந்து, அப்புறம் பணத்தைக் கொடுங்கள். வாடகை என்றாலும் எழுத்தில் வாங்குங்கள். வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2017 சட்டத்திலேயே இருக்கிறது, இதைச் சொன்னால் ஓனர் சிரிப்பார், ஆனாலும் பேரம் பேச உதவும்.

விழுப்புரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். நேற்று ஒரு ஓனருக்குப் போன் செய்தேன், எத்தனை பேர் என்றுகூடக் கேட்கவில்லை, எடுத்ததும் "நீங்க என்ன ஆளுக?" என்றார். வைத்துவிட்டேன்.

கழுகுமலைக்காரன்:
கேட்பார்கள் சார், சிலர் நேராக, சிலர் "சொந்த ஊர் எது, குலசாமி எது" என்று சுற்றி வளைத்து. பொய் சொல்லிக் குடிபோகாதீர்கள், தினமும் பயந்துகொண்டே கறி சமைக்க வேண்டியிருக்கும். உங்கள் பள்ளிக்கூடத்தில் வெளியூர் டீச்சர்கள் இருப்பார்கள், அவர்கள் குடியிருக்கும் தெருவில் முதலில் கேளுங்கள், இந்தக் கேள்வியைத் தாண்டி வந்த வீடுகள் அவர்களுக்குத் தெரியும்.

தறிவீட்டுப் பொண்ணு:
முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. கீழ் வீடு என்பார்கள், கக்கூஸ் பின்னால் நாலு படி ஏறி இருக்கும்.

விழுப்புரத்தான்:
அட, இது தோணவே இல்லை. அம்மாவுக்கும் சேர்த்தே டிக்கெட் போடுகிறேன், லோயர் பெர்த் கிடைத்தால் சரி.