சிஇசட்டிஎஸ் நுண்துகள்: ராமனில் 475-இல் தோன்றும் முகடு எதனால்?

ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை:
வணக்கம். மெல்லிய படலச் சூரியக் கலத்துக்காகச் செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் நான்கும் சேர்ந்த சிஇசட்டிஎஸ் நுண்துகள்களைத் தயாரித்து வருகிறேன். உலோக உப்புகளை ஓலைலமைன் என்னும் நீள்சங்கிலி அமைன் திரவத்தில் கரைத்து, 225 டிகிரி செல்சியஸில் கந்தகக் கரைசலை ஊசி வழியே செலுத்துகிறேன். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் (எக்ஸ்ஆர்டி) 28.5, 47.3, 56.2 டிகிரிகளில் முகடுகள் சரியாகவே வருகின்றன. ஆனால் லேசர் ஒளிச் சிதறலை அளக்கும் ராமன் நிறமாலையில், சிஇசட்டிஎஸ்ஸுக்கே உரிய 338 செ.மீ⁻¹ முகட்டுடன் 475-இலும் ஒரு சிறு முகடு வருகிறது. எத்தனால் சேர்த்துச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிய பின் மேலே தங்கும் திரவம் இளநீலமாக இருக்கிறது. கண்ணாடியில் பூசிச் சுட்ட படலமோ, நீர் வற்றிய மானூர்க் குளத்துத் தரைபோல வெடித்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

அபிஷேகப்பட்டியிலிருந்து ஒருவர்:
தங்கையே, எக்ஸ்ஆர்டியை மட்டும் நம்ப வேண்டாம். துத்தநாக சல்பைடும் செம்பு வெள்ளீய சல்பைடும் ஏறத்தாழ அதே இடங்களில்தான் முகடு காட்டும் என்பதால், அவை கலந்திருந்தாலும் அதில் தெரியாது. 475 என்பது செம்பு சல்பைடின் அடையாளம். நான்கு தனிமங்களில் கந்தகத்தோடு முந்திக்கொண்டு சேர்வது செம்புதான். மற்றவை அதனுள் நுழைய நேரம் வேண்டும். கந்தகக் கரைசல் உள்ளே போனதும் வெப்பநிலை இறங்கும். அது மீண்டும் 225-ஐ எட்டிய பிறகே நேரத்தைக் கணக்கிட்டு, குறைந்தது அரை மணி நேரம் வைத்திருங்கள். அந்த இளநீலம், துகளில் சேராமல் அமைனோடு பிணைந்து நிற்கும் செம்பு. ஆகவே நீங்கள் நிறுத்துப் போட்ட விகிதமும் துகளில் உள்ள விகிதமும் ஒன்றல்ல. தனிமங்களின் விகிதத்தை அளக்கும் இடிஎஸ் சோதனை எடுத்துப் பாருங்கள். நல்ல கலங்கள் பெரும்பாலும் செம்பு குறைந்து, துத்தநாகம் சற்று மிகுந்த கலவையில்தான் கிடைத்திருக்கின்றன: துத்தநாகமும் வெள்ளீயமும் சேர்ந்த அணு எண்ணிக்கையில் செம்பு சுமார் 0.8 மடங்கு, வெள்ளீயத்தைப்போல் துத்தநாகம் சுமார் 1.2 மடங்கு.

இன்னொன்று: சாரல் காலத்தில் வெள்ளீய உப்பான டின் குளோரைடு புட்டியைத் திறந்து வைக்காதீர்கள். எடைத்தட்டிலேயே அது ஈரம் வாங்கிக் கசிந்து ஒட்டிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். அந்த எடையில் ஒரு பகுதி தண்ணீராக இருக்கலாம்.

தென்காசியிலிருந்து ஒருவர்:
அண்ணாச்சி சொன்னவை சரி. வெடிப்புக்குக் காரணம் ஓலைலமைன். துகளைச் சுற்றியிருக்கும் அந்த 18 கார்பன் சங்கிலி வெப்பத்தில் வெளியேறும்போது படலம் சுருங்குகிறது. ஒரே பூச்சில் ஒரு மைக்ரான் தடிமனை எட்ட முயலாமல், மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றையும் 300 டிகிரியில் உலர்த்துங்கள். பிறகு மாலிப்டினம் பூசிய கண்ணாடியில் 500 டிகிரி அளவில் செலினியம் ஆவியில் சுட்டால், கந்தகத்தின் இடத்தில் பெரிய செலினியம் அமர்ந்து படலம் சற்று விரிந்து இடைவெளிகளை அடைக்கும். செலினியம் நஞ்சு, ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டி இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை:
இருவருக்கும் மிக்க நன்றி. புதிய டின் குளோரைடு எடுத்து, 225-ஐத் தொட்ட பின் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மேல் திரவம் நிறமற்றுப் போயிற்று. 475-இல் முகடு இல்லை. ஆறு பூச்சுகளில் நடுப்பகுதி வெடிக்கவில்லை, ஓரங்களில் மட்டும் இன்னும் கீறல் விழுகிறது.