ராணுவ பேண்ட் வாத்தியத்தில் ஊதியவர்கள், அந்த பேண்டுக்குப் பின்னால் நடந்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யூஃபோனியம்காரன்:

போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்க ராணுவத்துல சண்டை போட்டீங்களா, இல்ல ஊதினது மட்டும்தானா?" அவனுக்குப் பத்து வயது. கேள்வியில் தப்பில்லை. 19 வருஷம் ரெஜிமென்ட் பேண்டில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதல் வாத்தியம் வாசித்தவன் நான். சுடப் பழகினேன், ஒரு மனுஷனைக் குறிபார்த்துச் சுட்டதில்லை. "ஊதினது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரி ஒரு உறுத்தல்.

வெள்ளைக் கையுறை, பளபளக்கும் பித்தளை, பெரிய மனுஷர்கள் முன்னால் ஒரு மணி நேரம். ஜனங்களுக்குத் தெரிந்த பேண்ட் அவ்வளவுதான். போர் என்று வந்தால் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். பல நாட்டு ராணுவங்களில் ரொம்பக் காலமாக இதுதான் வழக்கம். அடிபட்டவனைத் தூக்கி வருவது, கட்டுப்போடுவது எல்லாம் பேண்டுக்காரன் வேலை. எனக்கும் அந்தப் பயிற்சி கொடுத்தார்கள்.

அங்கேதான் கூத்து. பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் மண்டையில் ஏற்றியிருந்தது ஒரே விஷயம்: எல்லார் காலும் ஒன்றாக விழணும். ஸ்ட்ரெச்சரில் அப்படி நடந்தால் பயிற்சி கொடுப்பவர் கத்துவார். முன்னால் பிடிப்பவனும் பின்னால் பிடிப்பவனும் ஒரே காலை எடுத்து வைத்தால் அது தொட்டில் மாதிரி ஆடும். எலும்பு முறிந்து கிடப்பவனுக்கு உயிர் போய் உயிர் வரும். முன்னவன் இடது காலை வைக்கும்போது பின்னவன் வலது காலை வைக்கணும். எங்களுக்கு வரவே இல்லை! நாலு தப்படி போனதும் கால்கள் தாமாக ஒன்று சேர்ந்துவிடும். கிளார்க் பையன்கள் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டதை நாங்கள் மூன்று நாள் பழகினோம். கடைசியில் எங்கள் பேண்டில் டிராம்போன் ஊதுகிற அண்ணன் ஒரு வழி சொன்னார். ரெண்டு பேரும் ஒரே பாட்டை முணுமுணுக்கணும், பின்னவன் மட்டும் ஒரு அடி தாமதமாக ஆரம்பிக்கணும். ஆட்டம் நின்றது!

பல வருஷம் கழித்து, ஒரு பயிற்சி முகாமில் லாரி கவிழ்ந்து ஒரு பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. வண்டி வர முடியாத சரிவு. நானும் டிராம்போன் அண்ணனும் முணுமுணுத்துக்கொண்டே தூக்கி வந்தோம். பாதி வழியில் அந்தப் பையன் கண்ணைத் திறந்து, "அண்ணே, பின்னாடி வர்றவர் தாளம் தப்புறார்" என்றான்.

பின்னால் வந்தது நான்தான்.

இப்படி உங்களிடமும் இருக்கும். வாசித்தவர்கள், வாசிப்புக்கு நடந்தவர்கள், ஓரமாக நின்று பார்த்தவர்கள் யாரானாலும் எழுதுங்கள்.

மூன்றாம் வரிசை:

சார், நான் ஊதினவன் இல்லை, நடந்தவன். அதுவும் கடைசி கம்பெனியில்.

பயிற்சிக் காலத்தில் தினமும் திட்டு வாங்கினேன். முன்னால் டிரம் அடிக்கிறது, இடது கால் இடது கால் என்று காதால் கேட்டுத்தான் வைக்கிறேன், ஆனாலும் ஹவில்தார் வந்து முழங்காலில் தட்டுகிறார். என் காதிலோ காலிலோ கோளாறு என்றே நினைத்தேன். பிறகு பேண்டிலிருந்த ஒருவர்தான் விளக்கினார். குவிக் மார்ச் என்ற வேக நடை நிமிஷத்துக்கு 120 தப்படி. அதாவது ஒரு தப்படிக்கு அரை நொடி. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியானால் டிரம்மிலிருந்து 170 மீட்டர் தள்ளி நடப்பவனுக்கு அடி சரியாக ஒரு தப்படி தாமதமாக வந்து சேரும். டிரம்காரர் இடதுக்கு அடித்தது என் காதில் விழும்போது முன்வரிசை வலது காலில் இருக்கும். காதை நம்பினால் மொத்த அணிக்கும் எதிர்க்கால். நான் நேர்மையாக நடந்துதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். "காதை மூடு, முன்னால போறவன் குதிகாலைப் பாரு" என்றார். அதற்குப் பிறகு திட்டு நின்றது.

இன்னொன்று. முழு மூட்டையோடு ராத்திரி முழுக்க நடந்து திரும்பும் நாளில், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு பேண்ட் வந்து காத்திருக்கும். கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டிக்கொண்டிருக்கும், யாரும் யாரோடும் பேசமாட்டோம். முதல் அடி விழுந்ததும் குனிந்த முதுகெல்லாம் நிமிரும். வலி போகாது. வலியைக் கவனிக்க நேரம் கிடைக்காது, அவ்வளவுதான். அந்த டிரம்காரரை எனக்கு முகம் தெரியாது. இன்றைக்குப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்வேன்.

வெயிலில் நின்றவன்:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிராகச் சொல்கிறேன். பெரிய அணிவகுப்பு என்றால் ஒத்திகை மட்டும் வாரக்கணக்கில். பேண்ட் ஒரு திருப்பத்தைச் சரியாகத் திரும்பும்வரை நாங்கள் ஆடாமல் அசையாமல் நிற்கணும். எனக்குப் பக்கத்தில் ஒருவன் அப்படியே முகம் குப்புற விழுந்தான், முன்பல் போயிற்று. முழங்காலைப் பூட்டாமல் நிற்கணும், பூட்ஸுக்குள் கால்விரலை அசைத்துக்கொண்டே இருக்கணும் என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். இசை நல்ல விஷயம்தான். அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

யூஃபோனியம்காரன்:

தம்பி, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் திருப்பத்தில் நாங்களும் விலை கொடுத்திருக்கிறோம். பேண்ட் எதிர்ப்பக்கம் திரும்பும்போது ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசையின் இடைவெளிக்குள் புகுந்து போகும். டிராம்போனை முன்வரிசையில் வைப்பது அழகுக்கு இல்லை, அந்த நீளக் குழல் முன்னால் போய்வர இடம் வேண்டும். ஒருநாள் வரிசை கொஞ்சம் பிசகிய திருப்பத்தில் அது என் காதோரம் இடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

பழைய பியூகிள்:

பியூகிளுக்கு வால்வு கிடையாது, பொத்தான் கிடையாது. சுருட்டிய ஒரு குழாய், உங்கள் உதடு. ராணுவ அழைப்புகள் எல்லாமே ஐந்தே சுரங்களுக்குள் முடிந்துவிடும். எழுப்புவதும் அதில்தான், சாப்பிடக் கூப்பிடுவதும் அதில்தான், அடக்கம் செய்வதும் அதில்தான். ஐந்து சுரம்தானே, என்ன கஷ்டம் என்பார்கள். ஐந்தில் ஒன்று உடைந்தால் ஒளிய இடமில்லை என்பதுதான் கஷ்டம். பேண்டில் முப்பது பேரில் ஒருவன் தப்புவிட்டால் கரைந்துவிடும். பியூகிள்காரன் தனியாள்.

எங்களுக்கு மிக நீளமான நேரம் ஊதுவதற்கு முன்னால் இருக்கும் அமைதி. ஒரு சவ அடக்கத்தில் நாற்பது நிமிஷம் காற்றில் அசையாமல் நிற்கணும். பித்தளை ஜில்லிட்டுப் போகும், உதடு காயும், எச்சில் வற்றும். கட்டளை வந்ததும் முதல் சுரமே சுத்தமாக வரணும். ஊது வாயை மட்டும் கழற்றி இடது உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்வேன். முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சத்தமில்லாமல் மாட்டி, குழாய்க்குள் சூடான மூச்சை மெதுவாக விடுவேன். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தது.

அப்படியும் ஒருநாள் உடைந்தது. செத்துப்போனவன் என் பேட்ச். குழிக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா நின்றிருந்தார். பியூகிள்காரன் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது, தலைக்கு மேலே தூரத்தில் ஏதாவது மரத்தைப் பார்க்கணும். நான் பார்த்துவிட்டேன். மேல் சுரத்துக்குப் போகும்போது தொண்டை இறுகி, விக்கல் மாதிரி ஒரு சத்தம். முடித்துவிட்டுப் பல மாதம் யாரிடமும் பேசவில்லை.

பிறகுதான் தெரிந்தது, நான் தனியாள் இல்லை என்று. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியை ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தபோது, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, ஊதியவருக்கு ஆறாவது சுரம் உடைந்தது. அமெரிக்கர்கள் அடக்கத்தில் ஊதும் 'டாப்ஸ்' என்ற அந்த அழைப்பில் மொத்தமே 24 சுரம். 1862இல் அவர்கள் உள்நாட்டுப் போரின் நடுவில் உருவானது. குளிரில் மணிக்கணக்காக நின்றுவிட்டு ஊதினார் அவர். அது தேம்பல் மாதிரி இருந்தது, வேண்டுமென்றே ஊதியதோ என்று நினைத்தவர்களும் உண்டு. வேண்டுமென்று யாரும் அப்படி ஊத மாட்டோம் அய்யா.

இப்போது இன்னொரு சமாசாரம் வந்திருக்கிறது. பியூகிளின் அகன்ற முன்வாய்க்குள் ஒலிப்பதிவை வாசிக்கும் ஒரு கருவியைச் செருகி, பொத்தானை அமுக்கிவிட்டு ஊதுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பது. அமெரிக்காவில் 2003 முதல் இருக்கிறது. பழைய வீரர்கள் நிறையப் பேர் இறக்கிறார்கள், ஊத ஆள் போதவில்லை. காரணம் நியாயம்தான். சுரம் ஒருநாளும் உடையாது. எனக்குத்தான் அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

மெனின் வாசலில் நின்றவள்:

பழைய பியூகிள் அய்யாவுக்கு ஒரு ஆறுதல் செய்தி. பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரில், முதல் உலகப் போரில் உடல்கூடக் கிடைக்காத ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் செதுக்கிய மெனின் வாசல் இருக்கிறது. 1928 ஜூலையில் ஆரம்பித்த வழக்கம், அங்கே தினமும் இரவு 8 மணிக்கு லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி அழைப்பை ஊதுகிறார்கள். இரண்டாம் போரில் ஜெர்மானியர்கள் பிடித்திருந்தபோது இங்கிலாந்தில் ஒரு ராணுவக் கல்லறையில் ஊதினார்கள். 1944 செப்டம்பர் 6, ஊர் விடுபட்ட அன்று சாயங்காலமே வாசலில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். ஊதுபவர்கள் ராணுவத்தினர்கூட இல்லை, அந்த ஊர்த் தீயணைப்புப் படைக்காரர்கள்.

நான் போன அன்று மழை. 8 மணிக்கு வண்டிகளை நிறுத்தினார்கள். ஊதி முடித்ததும் அவர்களில் ஒருவர் பியூகிளைத் தலைகீழாகப் பிடித்து உதறினார், தண்ணீர் சொட்டியது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏனோ அதுதான் இன்னும் மறக்கவில்லை.

டிரம் மேஜர் மகள்:

என் அப்பா டிரம் மேஜர். முன்னால் நீளக் கோலோடு வருவாரே, அவர். அந்தக் கோல் வேடிக்கைக்குச் சுழற்ற இல்லை. ஊதுகிற சத்தத்தில் வாயால் சொன்னால் யார் காதிலும் விழாது என்பதால், நில், திரும்பு, நிறுத்து எல்லாமே கோலின் பேச்சு. அப்பா கோலை உயர்த்தினால் பெரிய முரசான பேஸ் டிரம்மை அடிப்பவர் ரெட்டை அடி அடிப்பார், அதோடு மொத்தப் பேண்டும் கத்தரித்த மாதிரி நிற்கும். வீட்டிலும் ஒட்டடைக் கம்போடு பழகுவார். ரெண்டு டியூப் லைட் அதற்குப் பலி. சாப்பாட்டு நேரத்தில் எங்களைக் கூப்பிடுவதும் கையைத் தூக்கித்தான்!

எட்டு வயதில் அப்பாவோடு ஒரு அடக்கத்துக்குப் போனேன். அப்பாவின் நண்பர், எங்களுக்குப் பம்பரம் விடக் கற்றுக்கொடுத்தவர். டிரம்களைக் கறுப்புத் துணியால் போர்த்தியிருந்தார்கள். சைட் டிரம்முக்கு அடியில் ஓடும் கம்பிகளைத் தளர்த்திவிட்டதால் படபடவென்ற சத்தம் போய், பானையைத் தட்டுகிற மாதிரி மொத்தையாகக் கேட்டது. ஸ்லோ மார்ச். ஒவ்வொரு காலும் காற்றில் தொங்கித் தொங்கி விழுந்தது.

அடக்கம் முடிந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் அமைதியாக நடந்தார்கள். துணியை எடுத்தார்கள். அப்பா கோலை வீசினார், பேண்ட் துள்ளலான குவிக் மார்ச்சை எடுத்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். அவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அது அவனுக்கு வாசிச்சது இல்லம்மா. அவன் பிளாட்டூனுக்கு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அவங்க மறுபடி வரிசையில நிக்கணும்." எனக்கு அன்று விளங்கவில்லை. அவர் ராத்திரி சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

சிம்பல்:

சிம்பல் என்ற பெரிய ஜால்ரா அடிக்கும் எங்களை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதால் ஒரு குறிப்பு. பேஸ் டிரம், சிம்பல் இதெல்லாம் ஐரோப்பியப் படைகளுக்கு வந்தது துருக்கிய சுல்தானின் ஜானிசரி வீரர்களுடைய மெஹ்தர் என்ற இசைக்குழுவைப் பார்த்துத்தான். பயமுறுத்த அவர்கள் அடித்ததை, பயந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பேஸ் டிரம்காரர் சிறுத்தைத் தோல் போர்த்திக்கொள்வதும் அந்தக் கோலத்தின் மிச்சம் என்பார்கள். இப்போது பெரும்பாலும் செயற்கைத் தோல்தான், ஆனால் வேர்வையில் உண்மைச் சிறுத்தை நாற்றம் அடிக்கும். ராணுவ இசை விழாவை 'டாட்டூ' என்கிறார்களே, அதற்கும் பச்சை குத்துவதற்கும் சம்பந்தம் இல்லை. ராத்திரி டிரம் அடித்தால் சாராயக் கடைக்காரர் பீப்பாய்க் குழாயை மூடணும், சிப்பாய்கள் கூடாரம் திரும்பணும். டச்சுக்காரர்களின் 'குழாயை மூடு' என்ற சொல்தான் தேய்ந்து இப்படி ஆனது.

யூஃபோனியம்காரன்:

எல்லாவற்றையும் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். லாரிப் பையன் கதைக்குச் சிரித்தான். பியூகிள்காரர் எழுதிய, குழிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வரிசை தம்பி எழுதியதைத்தான் நம்பவில்லை. "சத்தம் எப்படி தாத்தா லேட்டா வரும்?"

நேற்றுச் சாயங்காலம் மைதானத்துக்குப் போனோம். கயிற்றால் அளந்து 170 மீட்டரில் ஒரு கல் வைத்தான். நான் பழைய சைட் டிரம்மை மாட்டிக்கொண்டேன், போனில் 120க்குத் தாளம் வைத்துக்கொண்டேன். நான் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி அடிக்கணும், இடதுக்கு மட்டும் ஓங்கி. அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஓங்கின அடி கேட்கும்போதெல்லாம் இடது காலை வைக்கணும்.

பத்து அடி அடித்தேன். தூரத்தில் பேரன் ஒரு அடிகூட பிசகாமல், என் ஒவ்வொரு வலது காலுக்கும் தன் இடது காலை வைத்துக்கொண்டிருந்தான்.