ராயபுரம் யாருக்கு? ஏரியா விதிகளை மாற்றலாமா, வேண்டாமா

மின்ட்_மணிக்கூண்டு (மேப் பொறுப்பு) · ஞாயிறு காலை 9:20

புதிதாக வந்தவர்களுக்கு: நம் ஆட்டம் 2090-ல் நடக்கிறது. கடல் காசிமேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வடசென்னை. காசிமேட்டு வலைக்காரர், துறைமுகத்துக் கிரேன்கூட்டம், எண்ணூர் சாம்பல்படை என்று மூன்று அணிகள். டிஸ்கார்டில் கதையாக எழுதி ஆடுகிறோம்.

நேற்று ராத்திரி 3:10-க்குச் சாம்பல்படைக்காரர்கள் நாலு பேர், ஆளுக்கு இரண்டு வரி எழுதி, ராயபுரம் ஸ்டேஷனைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். வலைக்காரர்கள் ஐந்து மாதமாக அங்கே கதை எழுதி வருகிறார்கள். 1856-ல் திறந்த ஸ்டேஷனின் தூண்களுக்கு நடுவே வலை காயப்போட்டது, டிக்கெட் கவுன்டருக்குள் ஐஸ்பெட்டி வைத்தது எல்லாம் அவர்கள் எழுதியதுதான். காலையில் எழுந்து பார்த்தால் மேப்பில் நிறம் மாறியிருக்கிறது.

இப்போதுள்ள விதி ஒரே வரி: எதிர்ப்பு இல்லாமல் மூன்று பதிவு போட்டால் ஏரியா உங்களுடையது. பத்துப் பேர் ஆடியபோது அது போதும். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டோம்.

என் யோசனை: சவால் விட்டு 48 மணி நேரம் கழித்துத்தான் மோதல். இரவு 8 முதல் 11-க்குள் நேரத்தைக் காப்பவர் சொல்லட்டும். 14 நாள் ஒரு காட்சிகூட எழுதாத அணி அந்த ஏரியாவை இழக்கும். திட்டுவதானால் விதியைத் திட்டுங்கள், என்னை வேண்டாம்.

சாம்பல்_தம்பி · ஞாயிறு பிற்பகல் 3:05

அந்த நாலு பேரில் நானும் ஒருவன். மணலிப் பக்கம் நைட் ஷிஃப்ட். 3 மணிக்குத்தான் எனக்கு டீ பிரேக், அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு ஆட்டம். நீங்கள் சொல்லும் 8-லிருந்து 11-ல் நான் சட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். பகல் வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் விதியா? அப்புறம், 48 மணி நேரம் முன்னாடியே சொல்லிவிட்டு வருவதற்குப் பெயர் படையெடுப்பா, கல்யாணப் பத்திரிகையா?

வஞ்சிரம் · ஞாயிறு மாலை 6:40

தம்பி, நீ 3 மணிக்கு வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஆளுக்கு இரண்டு வரியில் வந்தாய், அதுதான் கோபம். ஐந்து மாதம் எழுதியதை எட்டு வரி எப்படி அழிக்கும்?

எங்கம்மா ஊர் பழவேற்காடு. அங்கே ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல இறால் விழும் இடங்கள் கொஞ்சம்தான். அதனால் இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறைவைத்து வலை கட்டுவார்கள். தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை, முறைதான் சொந்தம். ராயபுரம், பேசின் பிரிட்ஜ் மாதிரி எல்லாருக்கும் கண் இருக்கும் இடங்களை நாமும் அப்படி விடலாம். மாதத்துக்கு ஒரு அணி. சண்டையும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம்.

சாம்பல்_தம்பி · திங்கள் அதிகாலை 2:58

அக்கா, பாடு நல்ல முறைதான். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பவனுக்குத்தானே அதில் முறை வரும்? வெளியாள் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். நாளைக்கு நாலாவதாக ஒரு அணி வந்தால் அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? தானாகவே கைக்கு வந்து தானாகவே போகும் ஏரியாவுக்காக எவன் மூளையைச் செலவழிப்பான்?

பேசின்பிரிட்ஜ்_லோகோ · திங்கள் காலை 8:15

ராத்திரிப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததில்லை. கில்ட் வார்ஸ் 2 என்ற ஆன்லைன் ஆட்டத்தில் முன்பெல்லாம் சர்வரும் சர்வரும் கோட்டைகளுக்காக மோதும்; ஒரு சர்வரில் ஆடுபவர்கள் எல்லாரும் ஒரே அணி. எதிராளி தூங்கும்போது ஆள் அதிகமுள்ள சர்வர் மேப்பையே வழித்துக்கொண்டு போய்விடும். 'நைட் கேப்பிங்' என்று அதற்குப் பெயரே உண்டு. ராத்திரி ஆடக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. 2016-ல் மதிப்பெண் கணக்கை இரண்டு மணி நேரத் துண்டுகளாக உடைத்தார்கள், அவ்வளவுதான். ராத்திரி ஜெயித்தால் அந்தத் துண்டு உனக்கு. விடிந்ததும் அடுத்தது புதுக்கணக்கு.

இன்னொன்று ஈவ் ஆன்லைன், விண்வெளிக் கப்பல் ஆட்டம். அதில் அப்போது ஒரு நட்சத்திர மண்டலத்தை வைத்திருக்க வாடகை மாதிரி பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்குப் பணம் போய்ச் சேரவில்லை. உரிமை போனது, எதிரணி உள்ளே பாய்ந்தது. ஏறத்தாழ 21 மணி நேரச் சண்டை. அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்களில் 75 காலி. எல்லாம் ஒரு பில் கட்டாததால் வந்த வினை. அதே ஆண்டு நவம்பரில், பெரிய கப்பல்கள் மேப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இஷ்டத்துக்குத் தாவுவதையும் கட்டுப்படுத்தினார்கள். தாவத் தாவக் களைப்பு ஏறும், காத்திருந்துதான் அடுத்த தாவல்.

அதனால் என் கேள்வியே வேறு. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் நாலு பேர் எந்த வழியாக வந்தீர்கள்? நடுவே திருவொற்றியூரும் தண்டையார்பேட்டையும் கிரேன்கூட்டத்தின் கையில். கொருக்குப்பேட்டை வழியாகச் சுற்றியிருந்தால் இன்னும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பீர்கள். 2090-லும் அந்தக் கேட் போட்டேதான் இருக்கும்.

சாம்பல்_தம்பி · திங்கள் பிற்பகல் 2:30

படகில் வந்தோம். கடல் உள்ளே வந்துவிட்டது என்று நீங்கள்தானே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

கொடுங்கையூர்_கோமதி · திங்கள் இரவு 9:10

எல்லாரும் 'ஏரியா பிடிக்கிறோம்', 'ஏரியா யாருக்கு' என்றே பேசுகிறீர்கள். வடசென்னை என்றாலே ஏரியாவுக்கு அடித்துக்கொள்ளும் ஊர் என்று வெளியே இருப்பவர்கள் காட்டிக் காட்டி நமக்கே பழகிவிட்டது. ஒரு வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன். எதிரே இருந்தவர் என் முகவரியைப் படித்துவிட்டு, "அங்கே ராத்திரி நடந்து போகலாமா?" என்று கேட்டார். நான் படித்த படிப்பைப் பற்றி அதற்கப்புறம்தான் கேட்டார். இங்கேயும் அதே வேலையை நாமே இலவசமாகச் செய்ய வேண்டுமா?

மேப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. லோகோ அண்ணன் சொன்ன அந்த பில் கதையைத்தான் பிடித்துக்கொள்கிறேன். தெருவைப் பிடிப்பதை விடுங்கள், தெருவுக்கு ஆகவேண்டியதைச் செய்யுங்கள். ராயபுரத்துக்குத் தண்ணீர் லாரி யார் விடுகிறார்கள்? காசிமேட்டுக்கு ஐஸ் யார் தருகிறார்கள்? கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நின்றால் மோட்டார் யாருடையது? அதை வாராவாரம் எழுதிக் காட்டும் அணிதான் அங்கே இருக்கும். இரண்டு வாரம் லாரி வரவில்லையென்றால் ஜனங்களே மாறிவிடுவார்கள், ஜனங்களாக மணிக்கூண்டு எழுதட்டும். புதிய அணி வந்தாலும் ஒரு மோட்டாரோடு தொடங்கலாம். பட்டியலில் பெயர் வேண்டியதில்லை.

வஞ்சிரம் · திங்கள் இரவு 9:55

இது எனக்குச் சரி. ஆனால் லாரியைக் கொளுத்திவிட்டு, "ஐயோ, உங்களுக்குத் தண்ணீர் வரவில்லையே" என்று வந்து நிற்பான் இந்தத் தம்பி. அதற்கு என்ன விதி?

சாம்பல்_தம்பி · செவ்வாய் அதிகாலை 3:02

நிச்சயம் வருவேன். தண்ணீர் லாரியே ராத்திரி 3 மணிக்குத்தானே வரும்? அந்த நேரத்தில் தெருவே குடத்தோடு விழித்திருக்கும். தூங்கும்போது வந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. 8 முதல் 11 என்பதை எடுத்துவிடுங்கள், கோமதி அக்கா சொன்னதுக்குக் கை தூக்குகிறேன். ஆனால் எட்டு வரியில் பிடித்தது செல்லாது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு இருந்த விதிப்படிதான் பிடித்தோம்.

மின்ட்_மணிக்கூண்டு · செவ்வாய் காலை 10:00

சரி. நேர வரம்பை எடுத்தாச்சு. 48 மணி நேரத்தையும் எடுத்தாச்சு, ஆனால் அடிபட்ட அணி பதில் எழுத ஒரு முழு நாள் உண்டு. அதுவரை நிறம் மாறாது. தரைவழியோ படகோ, வந்த வழியை ஒரு காட்சியாவது எழுத வேண்டும். லாரி, ஐஸ், மோட்டார் கணக்கை ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம். கொளுத்துகிறவன் கொளுத்தியது தெருவில் தெரிந்தால் அந்தத் தெரு அவனுக்கு மூன்று மாதம் கிடையாது. ராயபுரத்தில் இப்போதைக்கு இரண்டு நிறமும் கோடு கோடாக இருக்கும்.

பேசின்பிரிட்ஜ்_லோகோ · செவ்வாய் காலை 10:20

கேட்?

மின்ட்_மணிக்கூண்டு · செவ்வாய் காலை 10:21

போட்டிருக்கிறது.

சாம்பல்_தம்பி · புதன் அதிகாலை 3:00

கோடு கோடாக என்றால் டிக்கெட் கவுன்டருக்குள் இருக்கும் ஐஸ்பெட்டி யாருடையது?

வஞ்சிரம் · புதன் அதிகாலை 3:04

எங்களுடையது. இன்றைக்கு நான் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.