மறு: 'பெர்மாகல்ச்சர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழை நான்கு நாளாக ஓடுகிறது. ஆப்பிரிக்க நாடுகளில் வேலை கிடைக்காத இளைஞர்கள் கூட்டாகத் தோட்டம் போட்டுப் பிழைப்பதைப் பற்றி நம் குழுமத்து அக்கா ஒருவர் எழுதிவரும் தொடருக்காகத்தான் 'பெர்மாகல்ச்சர்' என்பதற்கு, அதாவது பயிர், மரம், கால்நடை, தண்ணீர் எல்லாம் ஒன்றுக்கொன்று உதவும்படி இடத்தை அமைக்கும் முறைக்கு, தமிழில் சொல் கேட்டார். வந்த மடல்களைப் பார்த்தால் 'நிரந்தர வேளாண்மை' என்று முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பெர்மனென்ட் + அக்ரிகல்ச்சர். ஆகவே நிரந்தர வேளாண்மை. இதில் பேச என்ன இருக்கிறது?

பிறப்பு நீங்கள் சொன்னதுதான், ஐயா. 1970களில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் அந்த இரண்டு சொற்களைத்தான் ஒட்டினார்கள். ஆனால் உழவோடு நிற்காமல் வாழும் முறை முழுவதையும் குறிக்க வேண்டும் என்று, பின்னால் அதையே 'பெர்மனென்ட் கல்ச்சர்' என்று விரித்துக்கொண்டார்கள். பிறந்த இடத்திலேயே அந்தச் சொல் நிலையாக நிற்கவில்லை.

எனக்கு 'நிரந்தரம்' வடசொல் என்பதில் வருத்தமில்லை. 'நிலைவேளாண்மை' என்று மாற்றினாலும் என் மறுப்பு அப்படியே இருக்கும். நிரந்தரம் என்றதும் நமக்கு நிரந்தர வைப்பு, நிரந்தரப் பணி, நிரந்தர முகவரி இவைதான் நினைவுக்கு வருகின்றன. அக்கா எழுதும் இளைஞர்களுக்கு இந்த மூன்றுமே கிடையாது. ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் ஆப்பிரிக்காவில் வேலை தேடி வெளியே வருகிறார்கள், முறையான வேலை ஏறத்தாழ 30 லட்சம் பேருக்குத்தான் இருக்கிறது என்று ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி சொல்கிறது. மீதிப் பேரில் சிலர்தாம் இந்தத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். அவர்கள் கைவைக்கும் நிலம் நாளைக்கு யாருடையது என்றே தெரியாது.

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 டிசம்பர் தேர்தலையொட்டி வெடித்த கலவரத்துக்குப் பிறகு அங்கே சாக்குத் தோட்டம் வேகமாகப் பரவியது. அதைத் தமிழில் எழுத வேண்டி வந்தபோது, எழுதுவதற்கு முன் செய்து பார்ப்போம் என்று மொட்டைமாடியில் ஒரு சாக்கில் மண்ணும் எருவும் கல்லும் கலந்து நிரப்பிப் பக்கவாட்டில் துளை போட்டுப் பாலக்கீரை நட்டேன். மேல்வரிசை தழைத்தது. கீழ்வரிசை பத்து நாளில் காய்ந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் மேல்மண்ணிலேயே நின்றுவிட்டது, அடிக்கு இறங்கவே இல்லை.

கிபேராவில் செய்வது வேறு. அடியும் மூடியும் வெட்டியெடுத்த ஒரு தகர டப்பாவைச் சாக்கின் நடுவில் நிறுத்துகிறார்கள். டப்பாவுக்குள் கல், சுற்றிலும் மண்ணும் எருவும். மண் டப்பாவின் உயரத்துக்கு வந்ததும் டப்பாவை மேலே உருவிவிட்டு மறுபடியும் கல், மறுபடியும் மண். இப்படியே வாய்வரை. முடிவில் டப்பா வெளியே வந்துவிடும், சாக்கின் நடுவே ஒரு கல்தண்டு மட்டும் நிற்கும். அதன் தலையில் ஊற்றும் தண்ணீர் கல்லிடுக்கு வழியாக அடிவரைக்கும் போய், வழியெல்லாம் பக்கத்து மண்ணை நனைக்கும். இரண்டாவது சாக்கை இப்படிக் கட்டினேன். ஒரு குடம் தண்ணீர் எல்லா வரிசைக்கும் போனது.

அந்தச் சாக்குகளில் அவர்கள் அதிகம் நடும் கீரையின் பெயரையும் சொல்ல வேண்டும். சுகுமா விக்கி. சுவாஹிலியில் 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். கையில் காசில்லாத நாள்களில் அதை வைத்து வாரத்தை ஓட்டிவிடலாம் என்பதால் வந்த பெயர். நாமும் 'காலத்தைத் தள்ளுகிறோம்' என்றுதானே சொல்கிறோம்? இந்த ஒரு பெயரை மட்டும் அக்கா மொழிபெயர்க்காமல் அப்படியே போட்டு, பொருளைப் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கல், மண், தண்ணீர், எரு, நாற்று எல்லாமே என் முதல் சாக்கிலும் இருந்தன. எது எதைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டுமோ அப்படி இல்லை, அவ்வளவுதான். பெர்மாகல்ச்சர் என்று அவர்கள் சொல்வதின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒன்றின் கழிவு அடுத்ததின் தீனி, ஒன்றின் நிழல் அடுத்ததின் காப்பு. ஆகவே நான் முன்வைக்கும் சொல் பின்னல் வேளாண்மை. அந்த முறையில் நடக்கும் இடம் பின்னல் பண்ணை. வழக்கமாக 72 மணி நேரம் நடக்கும் பயிற்சிக்குப் பின்னல் வேளாண்மை வடிவமைப்புப் பயிற்சி.

எனக்கே தோன்றிய தடைகளையும் சொல்கிறேன். பின்னல் என்றால் திருப்பூர்ப் பின்னலாடைதான் நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும். 'வேளாண்மை' பக்கத்தில் இருக்கும்வரை யாரும் பனியனைத் தேடப்போவதில்லை. இரண்டாவது தடை கனமானது. நம் வேளாண் பல்கலைக்கழகம் ஏற்கெனவே 'ஒருங்கிணைந்த பண்ணையம்' என்ற சொல்லைப் புழங்குகிறது. பின்னல் அதன் மறுபெயர் ஆகிவிடாதா?

இங்கே இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவாகும் என்று நினைக்கிறேன். பெனின் நாட்டின் போர்ட்டோ நோவோவில் 1985இல் காட்ஃப்ரே நசமூஜோ என்ற டொமினிக்கன் பாதிரியார் தொடங்கிய சொங்காய் மையம் ஒன்று. கோழிக் கழிவில் ஈப்புழு வளர்த்து அதை மீனுக்குப் போடுகிறார்கள், சாணம் எரிவாயு ஆகிறது, மிச்சம் வயலுக்குப் போகிறது. இளைஞர்கள் அங்கே தங்கிப் பழகி, பிறகு சொந்தப் பண்ணை வைக்கிறார்கள். இது அப்பட்டமான ஒருங்கிணைந்த பண்ணையம். அவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். மொசாம்பிக் எல்லையோரம், ஜிம்பாப்வேயின் சிமானிமானி வட்டாரத்தில் உள்ள சிக்குக்வா இன்னொன்று. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஊற்று வற்றிப் போனது. அவர்கள் பயிரிலிருந்து தொடங்கவில்லை. மழை பெய்யும்போது தண்ணீர் சரிவில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார்கள். குறுக்கே சம மட்டத்தில் பள்ளம் வெட்டினார்கள், கரையில் வெட்டிவேர் வைத்தார்கள், ஊற்றுக்கண்ணுக்கு மேலே ஆடு மாடு ஏறாமல் தடுத்து மரம் வளரவிட்டார்கள். ஊற்று திரும்பியது. காய்கறியும் பழமரமும் அதற்கு அப்புறம்தான்.

பண்ணையத்தில் உறுப்புகளைச் சேர்க்கிறோம். சிக்குக்வாவில் நடந்தது போன்ற பெர்மாகல்ச்சரில் முதலில் இடத்தைப் படிக்கிறோம், எது எங்கே நிற்பது என்பது அதிலிருந்து வருகிறது. பின்னல் என்ற சொல்லில் அந்த முறையும் இருக்கிறது. சடை பின்னும்போது எந்தக் கால் மேலே, எந்தக் கால் கீழே என்ற ஒழுங்கு கை ஓடும் முன்பே மனத்தில் இருக்க வேண்டும். ஒரு கால் தவறினாலும் பின்னல் தளர்ந்துவிடும். 'ஒருங்கிணைந்த' என்பதில் எனக்கு இந்த ஒழுங்கு கேட்பதில்லை, எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொண்டுவந்து கட்டியதுதான் கேட்கிறது.

சுவாஹிலிக்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கும். 'ஆர்கானிக்' வேளாண்மைக்கு அவர்கள் வைத்த பெயர் கிலிமோ ஹாய். கிலிமோ என்றால் உழவு, ஹாய் என்றால் உயிருள்ள. உயிருழவு! 2007இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் இயற்கை விளைபொருளுக்குப் பொதுத் தரம் வகுத்தபோது முத்திரைக்கும் அதே பெயரையே வைத்துவிட்டார்கள். ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல், வயலில் கண்டதைப் பெயராக்கினார்கள். நாமும் அப்படிச் செய்யலாம் என்பதுதான் என் கட்சி.

இன்னொரு இடத்திலும் அக்காவின் வரைவை மாற்றச் சொல்வேன்.

> கம்யூனிட்டி கார்டன் = சமூகத் தோட்டம்; கம்யூனிட்டி கார்டனர் = சமூகத் தோட்டக்காரர்

'சமூகத் தோட்டம்' தவறில்லை. ஆனால் 'கூட்டுத் தோட்டம்' சொன்னவுடன் புரியும், நாலு பேர் சேர்ந்து செய்வது என்று. என் கவலை எல்லாம் 'தோட்டக்காரர்' மேல்தான். நகரத்துத் தமிழில் தோட்டக்காரர் என்றால் பங்களாவில் புல் வெட்டுகிறவர். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்த கறுப்பின ஆண்களை, அவர்களுக்கு என்ன வயதானாலும், 'தோட்டப் பையன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால்தான் அழைத்தார்கள். கேப்டவுனின் கயெலிட்ஷாவில் மண்வெட்டி எடுக்கும் இருபது வயதுப் பையனைத் தமிழில் 'தோட்டக்காரர்' என்று எழுதினால், அவன் தாத்தா சுமந்த அதே சொல்லை அவன் தலையிலும் வைத்த மாதிரி ஆகிவிடும். படித்த பிள்ளைகள் மண்வேலைக்கு வர ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு இந்தச் சொல்லே பாதி விடை.

அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள்? கேப்டவுனில் 1982 முதல் இயங்கும் அமைப்பின் பெயர் அபாலிமி பெசெகாயா. கோசா மொழியில் 'வீட்டின் உழவர்கள்'. உம்லிமி ஒருமை, அபாலிமி பன்மை. சுவாஹிலியில் ம்குலிமா, சிச்சேவாவில் ம்லிமி, ஷோனாவில் முரிமி. எல்லாம் ஒரே வேர்தான், நிலத்தைக் கொத்தி உழுவதைக் குறிப்பது. ஒரு சாண் பாத்தி வைத்திருந்தாலும் அவர்களுக்கு அவர் உழவர்தான்.

நம்மிடமும் அந்த மரியாதை இருந்த சொல்தான் 'தோட்டம்'. எங்கள் கோபிப் பக்கம் 'அவிய தோட்டத்துல இருக்கறாங்க' என்றால் கிணற்றுப் பாசனத்தோடு பண்ணையம் செய்கிற குடும்பம் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் 'தோட்டம் செய்யிறார்' என்றால் அதுதான் அவர் தொழில், வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களிலும் அவர்களுக்குப் பின் போனவர்களிலும் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் டர்பனைச் சுற்றிக் காய்கறி போட்டு விற்றே தலையெடுத்தார்கள். ஆகவே 'தோட்டம்' இருக்கட்டும், '-காரர்' போகட்டும். தோட்ட உழவர் என்று வைக்கலாம். பன்மையில் 'கூட்டுத் தோட்ட உழவர்கள்'. 'வேளாண் தொழில்முனைவோர்' என்று அரசு அறிக்கைகளில் வருவதை, கடனும் கடையும் வைத்துப் பெரிதாக நடத்துகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

கடைசியாக, வரைவில் எல்லா இடத்திலும் 'வாழ்வாதாரம்' என்றே வருகிறது. அபாலிமிக்காரர்கள் தங்கள் தோட்டங்களை நான்கு படிகளாகப் பிரித்துப் பேசுகிறார்கள். முதற்படியில் பட்டினி தாண்டினால் போதும். அடுத்ததில் வீட்டுக்குத் தேவையானது விளையும், கொஞ்சம் மிஞ்சும். மூன்றாவதில் விற்ற காசில் குடும்பம் நடக்கும். நான்காவது வணிகம். ஆங்கிலத்தில் 'லைவ்லிஹுட்' என்று அவர்கள் சொல்வது மூன்றாம் படியை மட்டும்தான். தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் கைவசம் இருக்கும்போது ஒன்றையே ஏன் போட வேண்டும்? உயிர்ப்பாடு, வயிற்றுப்பாடு, வாழ்வாதாரம், வணிகம் என்று நான் பிரிப்பேன். 'பிழைப்பு' நல்ல சொல்தான், ஆனால் நான்கிலும் ஒட்டிக்கொள்ளும், அதனால் இங்கே உதவாது.

இந்தப் பிரிவு முக்கியம் என்று நான் நினைக்கக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 15 முதல் 24 வயதுக்குள் வேலை தேடுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையிடம் வயிற்றுப்பாட்டுத் தோட்டத்தைக் காட்டி 'இதுதான் உன் வாழ்வாதாரம்' என்றால் அவன் மறு வாரம் வரமாட்டான். அபாலிமியின் தோட்டங்களிலும் நெடுங்காலம் உழைத்தவர்கள் பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்கள்தாம். 2008இல் வாரக்கூடை முறை வந்த பிறகுதான், அதாவது ஊரில் உள்ள குடும்பங்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாரம் ஒரு பெட்டிக் காய்கறி வாங்கும் முறை வந்த பிறகுதான், விளைச்சலுக்கு நிச்சயமான காசு கண்ணுக்குத் தெரிந்தது. ஜிம்பாப்வேயில் கையால் குழி தோண்டி விதைக்கும் முறைக்கு 'டிகா உட்யே' என்று பெயர், 'தோண்டு, சாப்பிடு'. வேலை முதுகை ஒடிக்கிறது என்று கண்டவர்கள் அதை 'டிகா உஃபே' ஆக்கிவிட்டார்கள், 'தோண்டு, சாவு'. நாம் வைக்கும் சொல்லையும் உழைக்கிறவர்கள் இப்படி எடைபோட்டுத்தான் பார்ப்பார்கள்.

லெசோத்தோவின் வட்டப் பாத்தியை அக்கா 'சாவித்துளைத் தோட்டம்' என்று எழுதியிருக்கிறார். மேலிருந்து வரைபடமாகப் பார்த்தால்தான் அது சாவித்துளை. கீழே நிற்பவருக்குத் தெரிவது இடுப்பளவு கல்சுவர், நடுவே சமையல் கழிவும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போடும் கூடை, அதை எட்டுவதற்கு ஓர் ஆள் நுழையும் வழி. குனிய முடியாத நோயாளியும் நின்றபடி களை எடுக்கலாம். 'நடுக்கூடைப் பாத்தி' என்றால் பெயரிலேயே வேலை தெரியும்.

ஒன்றே ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. சிக்குக்வாவில் சரிவுக்குக் குறுக்கே வெட்டினார்களே, அந்தப் பள்ளம். 'வாய்க்கால்' என்றால் தண்ணீர் ஓட வேண்டும், இதில் நின்று மண்ணுக்குள் இறங்க வேண்டும். 'சம உயர வரப்பு' கரையைச் சொல்கிறது, பள்ளத்தைச் சொல்லவில்லை. 'தேங்குகால்' என்று நானே ஒன்று கட்டி வைத்திருக்கிறேன், முழு மனதாக இல்லை. கொல்லிமலை, ஜவ்வாது மலைப் பக்கம் உழவர்களோடு பழகும் நண்பர்கள் இந்தக் குழுமத்தில் உண்டு. சரிவில் இப்படி வெட்டுவதை அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.

அன்புடன்.